அந்தத் தாலியைக் கட்டியது யார்

மகளுக்குக் கல்யாணம் நிச்சயமானதும் எங்கள் வீட்டில் முதலில் வந்தது சந்தோஷம் இல்லை, சண்டை. மண்டபம் பதுளையிலா பண்டாரவளையிலா என்று ஒரு சண்டை. மாப்பிள்ளைக்குக் கட்டாரில் வேலை. அவருக்கு லீவு எப்போது கிடைக்கும் என்று தெரியாமல் எப்படி நாள் குறிப்பது என்று இன்னொரு சண்டை. இதெல்லாம் எல்லா வீட்டிலும் வருவதுதான். ஆனால் தாலிக்குப் பொன் உருக்குகிற பேச்சு எழுந்தபோது என் மாமியார் போட்ட சண்டையை நான் எதிர்பார்க்கவில்லை.

எங்களில் ஒரு வழக்கம் உண்டு. புருஷன் உயிரோடு இருக்கும்போதே, பூவும் பொட்டுமாகப் போய்ச் சேர்ந்த ஒருத்தியின் தாலி வீட்டில் இருந்தால், அந்தப் பொன்னில் ஒரு துளியாவது புதுத் தாலியில் சேர்ப்பார்கள். அப்படி ஒரு தாலி எங்கள் வீட்டில் இருந்தது. அத்தையின் அம்மாவுடையது. நான் மாமியாரை அத்தை என்றுதான் கூப்பிடுவேன். அலுமாரியின் அடித்தட்டில், ஒரு பழைய பிஸ்கட் டின்னுக்குள், சிவப்புத் துணியில் முடிந்து அதை வைத்திருந்தார்.

"அத்தை, அந்தத் தாலிய எடுத்துக் குடுங்க. ஆசாரிகிட்டக் குடுத்திருவோம்."

"அது வேணாம்."

"ஏன் அத்தை? உங்கம்மா சுமங்கலியாத்தானே போனாங்க?"

"அது யாரு கட்டுன தாலின்னு எனக்கே தெரியாது. தெரியாத ஒண்ண எம் பேத்தி கழுத்துல ஏத்தமாட்டேன். பேச்ச விடு."

பேச்சை விடுகிற ஜாதியா நான்? வேலைக்காலம் முழுக்கத் தபால் கந்தோரில் உட்கார்ந்து ஊரார் கடித உறைகளைப் புரட்டிப் பார்த்தவள். எந்த நாட்டு முத்திரை, யார் யாருக்கு எழுதுகிறார்கள், இத்தனை நாளாக வந்த கடிதம் இப்போது ஏன் வருவதில்லை என்று மனதுக்குள் கதை கட்டியே சம்பளம் வாங்கியவள். உறையைப் பிரித்ததில்லை, அது சத்தியம். பிரிக்க ஆசைப்பட்டதில்லை என்று சத்தியம் செய்ய மாட்டேன்.

இரண்டு நாள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு திரிந்த பிறகு அத்தை வாயைத் திறந்தார்.

அவருடைய அப்பா பூனாகலைப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் கவ்வாத்துக்காரர், அதாவது தேயிலைச் செடியை வெட்டிச் சீர்செய்கிறவர். இரண்டாம் உலகப் போர் வந்தபோது பட்டாளத்தில் சேர்ந்து கப்பல் ஏறிவிட்டார். யுத்தம் முடிந்து திரும்பிவந்த மறுவருஷம் அத்தை பிறந்தார். அத்தைக்குப் பால்பல் விழும் முன்னரே அம்மா போய்விட்டார். அப்பா தோட்டத்து லொறி ஓட்டிக்கொண்டிருந்தவர், அவரும் சில வருஷத்தில் காய்ச்சலில் போனார். போவதற்கு முன் அந்த டின்னை மகள் கையில் கொடுத்து, "உங்கம்மாவோடது" என்று மட்டும் சொன்னாராம். அதன்பிறகு அத்தையை வளர்த்தது பெரியம்மா, அப்பாவின் அண்ணன் மனைவி.

வளர்த்தார் என்றால் சோறு போட்டார். சோற்றோடு ஒரு வார்த்தையும் போட்டார். குடத்துத் தண்ணீர் சிந்தினாலும் அதே வார்த்தை, விறகு நனைந்தாலும் அதே வார்த்தை. "ஒங்கம்மா கழுத்துல தாலி ஏறுறப்ப ஒங்கப்பன் இந்த நாட்டுலயே இல்லடி. பெரிய குலக்கொழுந்து வந்துட்டா."

"அப்பிடின்னா என்ன அர்த்தம்?" என்று அத்தை என்னைக் கேட்டார். எண்பதை நெருங்குகிற மனுஷி, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரிக் கேட்டார். "அப்பா இல்லாதப்ப அம்மா கழுத்துல தாலி ஏறிச்சுன்னா, வேற எவனோதானே கட்டியிருக்கணும்? கட்டிட்டு விட்டுட்டுப் போயிருக்கணும். அதுக்கப்புறந்தானே அப்பா வந்து சேர்த்துக்கிட்டிருக்கணும்?"

எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது. அதைவிட, வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்தத் தாலியைக் கட்டியது யார் என்று தெரிந்துகொள்ளாமல் எனக்குத் தூக்கம் வராது என்றும் இருந்தது.

டின்னை வாங்கிப் பார்த்தேன். தாலி சின்னது, தேய்ந்தது. கயிறு இல்லை. பார்க்கப் பார்க்க என் கல்யாணம்தான் ஞாபகம் வந்தது. இவர் முதல் முடிச்சைப் போட்டுவிட்டுப் படம் பிடிக்கிறவரைப் பார்த்துச் சிரிக்கப் போய்விட்டார். மற்ற இரண்டு முடிச்சையும் போட்டது என் நாத்தனார். என் பின்கழுத்து முடியையும் சேர்த்து முடிந்துவிட்டு, "அழாத, எல்லாரும் பாக்கிறாங்க" என்று அதட்டினாள். அதை இன்றுவரை நான் மறக்கவும் இல்லை, மன்னிக்கவும் இல்லை.

துணிக்கு அடியில் ஒரு படம் இருந்தது. அரைக் காற்சட்டை, தொப்பி, நெஞ்சை நிமிர்த்தி நிற்கிற ஒல்லி மனிதர். பின்னால் ஸ்டூடியோக்காரர் கட்டிய சீலையில் ஈச்ச மரங்கள். படத்தின் முதுகில் அரபு எழுத்தில் ஒரு முத்திரை. கடைவீதியில் துணிக்கடை வைத்திருக்கும் முஸ்லிம் ஐயாவிடம் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தவர், "கெய்ரோன்னு போட்டிருக்கும்மா. எகிப்து" என்றார். பூனாகலைத் தோட்டத்து லயக் குடியிருப்பில் பிறந்த மனிதர் எகிப்தில் நின்று படம் பிடித்திருக்கிறார், நாங்கள் அதைத் துணிக்கு அடியில் போட்டுவைத்திருக்கிறோம்.

முதலில் கிட்ட இருப்பதைத் தேடுவோம் என்று, அரசாங்கப் பதிவுகள் இருக்கிற கச்சேரிக்குப் போனேன். விவாகப் பதிவு எதுவும் இல்லை. அத்தையின் பிறப்புச் சான்றிதழின் பிரதி மட்டும் கிடைத்தது. அதில் 'பெற்றோர் விவாகஞ் செய்தவர்களா?' என்று ஒரு கூடு உண்டு. அந்தக் கூட்டில் 'இல்லை' என்று எழுதியிருந்தது. அத்தை அதைப் பார்த்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

"அத்தை, இதப் பாத்தா கவலப்படுறீங்க? என் சான்றிதழக் கொண்டாந்து காட்டவா? அதுலயும் 'இல்லை'தான். எங்கப்பாவும் அம்மாவும் மாரியம்மன் கோயில்ல ஊரையே கூட்டிக் கல்யாணம் பண்ணினவங்க. அந்தக் காலத்துல தோட்டத்துல யாரு போயி கல்யாணத்தப் பதிஞ்சா?"

அது உண்மை. தோட்டத்துப் பிள்ளைகளில் பாதிப்பேர் அரசாங்கத்தின் கணக்கில் கல்யாணம் ஆகாதவர்களுக்குப் பிறந்தவர்கள். அந்த ஒரு சொல்லைக் காட்டிப் பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது எத்தனை தாய்மார் கூனிக்குறுகி நின்றிருக்கிறார்கள் என்று நினைத்தால் எனக்கு இப்போதும் ஆத்திரம் வரும்.

தோட்டத்துக்கும் ஒருமுறை போனோம். பண்டாரவளையில் பஸ் மாறி, வளைவுகளில் குடல் புரண்டு, போய் இறங்கினால் ஆபீஸில் பழைய ஏடு ஒன்றும் இல்லை என்றார்கள். அத்தை பிறந்த லயத்தின் இடத்தில் இப்போது மலைச்சரிவும் புல்லும்தான். பென்ஷன் வாங்கிய ஒரு பெரியவருக்கு மட்டும் ஞாபகம் இருந்தது. "மிலிட்டரிக்காரரா? லொறி ஓட்டுனவரு? காலையில பெரட்டுக் களத்துல பேரு கூப்பிடுறப்ப விறைப்பா நிப்பாரு. நாங்க சின்னப் பசங்க பின்னாடி நின்னு அதே மாதிரி நின்னு காட்டுவோம்." அத்தை அதைக் கேட்டு முதல்தடவையாகச் சிரித்தார். கல்யாணத்தைப் பற்றிப் பெரியவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

பிறகுதான் இங்கிலாந்துக்கு எழுதினேன். அந்தக் காலத்துப் படைவீரர்களின் கோப்புகள் அங்கே ஓர் ஆவணக் காப்பகத்தில் இருப்பதாகவும், சொந்த மகள் கேட்டால் தருவார்கள் என்றும் கணினியில் தேடிப் படித்தேன். அத்தை கையெழுத்துப் போட மறுத்தார். நான் விடவில்லை. "கெடைக்காமயும் போகலாம்னு அவங்களே சொல்றாங்க அத்தை, சும்மா போடுங்க" என்றேன். மாதங்கள் போயின. மாப்பிள்ளைக்கு லீவும் வரவில்லை, இங்கிலாந்திலிருந்து பதிலும் வரவில்லை. என் கணவர் இரண்டையும் சேர்த்துக் கிண்டல் செய்துகொண்டிருந்தார்.

ஒருநாள் காலை பதில் வந்தது. கோப்பைப் படமாகவே அனுப்பியிருந்தார்கள். மங்கலான கையெழுத்து, சுருக்கிச் சுருக்கி எழுதிய இங்கிலீஷ். ஆனால் முத்திரையையும் திகதியையும் படிக்க எனக்கு யார் சொல்லித்தர வேண்டும்? மாமியாரின் அப்பா கப்பல் ஏறிய நாள், எகிப்தில் இறங்கிய நாள், லொறி ஓட்டப் பழகியது, கண்நோய்க்கு ஆஸ்பத்திரியில் கிடந்தது, ஒருமுறை தாமதமாக வந்ததற்குத் தண்டனை வாங்கியது எல்லாம் இருந்தது. நான் புதையல் கிடைத்தவள்போல் குசினிக்குள் ஓடி, அத்தையின் முன்னால் நின்று ஒவ்வொன்றாகத் தமிழில் படித்தேன்.

அவரும் ஆசையோடுதான் கேட்டார். கண்நோய் என்றதும் "அய்யோ" என்றார். தண்டனை என்றதும் "அவருதான், எங்கயும் நேரத்துக்குப் போகமாட்டாரு" என்றார். அந்த உற்சாகத்தில் நான் யோசிக்காமல் அடுத்ததையும் படித்தேன். ஊருக்கு லீவில் போனது, ஒருமுறையும் இல்லை. யுத்தம் முடிந்து கப்பல் ஏறும்வரை அந்த மனிதர் இலங்கை மண்ணை மிதிக்கவே இல்லை.

படித்து முடித்த பிறகுதான் என் வாய்க்கு என் புத்தி எட்டியது.

"அப்ப அந்தப் பெரியம்மா சொன்னது நெசந்தான்" என்றார் அத்தை.

"இல்ல அத்தை, இங்க பாருங்க. முதல்ல நெருங்கின சொந்தம்னு உங்க தாத்தா பேரு இருக்கு. நடுவுல அத வெட்டிட்டு, மனைவின்னு உங்கம்மா பேரப் போட்டிருக்கு. யுத்தம் நடக்கிற நேரத்துலயே!"

"எங்கப்பா நல்ல மனுசன். எவனோ கட்டிவிட்டுட்டுப் போனத, தன்னோடதுன்னு எழுதியிருப்பாரு. அவ்வளவுதான்." டின்னை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். அலுமாரிக் கதவு சாத்துகிற சத்தம் கேட்டது.

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. "வேலியில போன ஓணான எடுத்து வேட்டிக்குள்ள விட்டுக்கிட்டியே" என்றார் என் கணவர். அன்று அத்தை சாப்பிடவில்லை. எனக்கும் அழுகை வந்தது. ஆனாலும், என்ன செய்ய, என் புத்தி அழுதுகொண்டே யோசித்தது. வேறொருத்தன் கட்டிவிட்டுப் போனவளை, எகிப்தில் இருக்கிற ஒரு மனிதர் எதற்காக மனைவி என்று எழுதப்போகிறார்? ஊருக்கே வராதவருக்கு அவள் எப்போது மனைவியானாள்? தபாலில் ஒரு கடிதம் வழிதவறினால், தவறு அனுப்பியவரிடமோ வாங்குபவரிடமோ இருக்காது; நடுவில் எங்கோ ஓர் ஆள் கை வைத்திருப்பார். அந்த நடு ஆளை நாங்கள் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்று எனக்குப் பட்டது.

அத்தையின் அப்பாவுக்கு ஒரு தங்கை இருந்தது மட்டும் தெரியும். நாடு சுதந்திரம் அடைந்து, குடியுரிமைச் சட்டம் வந்த கையோடு, இங்கே இனி இருக்கவேண்டாம் என்று புருஷனோடு இந்தியாவுக்குப் போய்விட்டவர். அத்தை அப்போது கைப்பிள்ளை. கோத்தகிரிப் பக்கம் என்று யாரோ சொன்னதோடு சரி, பிறகு தொடர்பு இல்லை. இங்கிருந்து போனவர்களும் இங்கேயே தங்கினவர்களும் சொந்தம் தேடுகிற முகநூல் குழு ஒன்றில் அந்த எகிப்துப் படத்தைப் போட்டேன். வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

சில வாரம் கழித்து ஒரு பதில் வந்தது. எழுத்து ஒன்றுமில்லை, ஒரு படம் மட்டும். அதே அரைக் காற்சட்டை, அதே ஈச்ச மரம், ஓரம் மட்டும் கரையான் தின்றிருந்தது. கீழே கொஞ்ச நேரத்தில் ஒரு வரி வந்தது: "இது எங்க மாமா. நீங்க யாரு?"

தங்கை இறந்து சில வருஷமாகிறதாம். எழுதியது அவருடைய மகள், கோத்தகிரியில் இருக்கிறார். அத்தைக்கு அவர் அத்தை மகள். எனக்குச் சின்னம்மா முறை. ஞாயிற்றுக்கிழமை காலையில் வீடியோவில் கூப்பிடுவதாகச் சொன்னார்.

அத்தை பேச வரவில்லை. ஆனால் போஞ்சிக்காய் நறுக்குகிற சாக்கில், போனின் சத்தம் கேட்கிற தூரத்தில், முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார். திரையில் தெரிந்தது அத்தையின் முகமேதான். அதே நெற்றி, அதே மூக்கு, அதே முறைப்பு. பேச்சும் எங்கள் பேச்சுதான்.

"மதினி எங்க? கூப்பிடு தாயி. பேச மாட்டாங்களா? சரி, அங்கயே இருந்து கேக்கட்டும். மதினீ! எங்கம்மா சாகுறவரைக்கும் ஒங்கம்மா பேரச் சொல்லாத நாளில்ல. 'எங்கண்ணன் பொண்டாட்டிக்கு நாந்தானடி தாலி கட்டுனேன்'னு அப்பிடி ஒரு பெருமை!"

போஞ்சிக்காய் நறுக்குகிற சத்தம் நின்றது.

"யாரு கட்டுனாங்க?" என்றேன் நான்.

"எங்கம்மாதான். ஏன், ஒங்களுக்குத் தெரியாதா? கொழும்புல ஜப்பான்காரன் குண்டு போட்டானாமே, அந்த நேரம். தோட்டத்து சனமெல்லாம் பயந்து இந்தியாவுக்குக் கப்பல் ஏறுது. மாமாவுக்குப் பேசிவச்ச பொண்ணோட வீட்டாளுகளும் மூட்ட கட்டிட்டாங்க. பொண்ணையும் கூட்டிட்டுப் போகப் பாத்திருக்காங்க. கலியாணம் ஆகாத பொண்ண விட்டுட்டுப் போவாங்களா? எங்கம்மாதான் பிடிவாதம் பிடிச்சிருக்காங்க. 'அண்ணன் வந்து கேட்டா நான் என்ன பதில் சொல்றது? எங்க வழக்கத்துல நாத்தனாதானே தாலி கட்டணும், மாப்பிள்ளை எதுக்கு?'ன்னு. மதுரப் பக்கத்துல எங்க ஆளுகளுக்கு அப்பல்லாம் அதுதானே முறை. மாப்பிள்ளையோட அக்கா தங்கச்சிதான் கட்டுவாங்க. மாரியம்மன் கோயில்ல மணையப் போட்டு, மாமா இடத்துல அவரோட கவ்வாத்துக் கத்திய வச்சு, மூணு முடிச்சும் எங்கம்மா போட்டாங்க. மாமாவுக்குக் கலியாணம் ஆனதே எகிப்துக்குக் காயிதம் போயித்தான் தெரியும்!"

நான் என் பின்கழுத்தைத் தடவிப் பார்த்தேன். மூன்றில் இரண்டு முடிச்சை நாத்தனார் போட்ட கழுத்தோடுதான் நான் கச்சேரிக்கும் இங்கிலாந்துக்கும் அலைந்திருக்கிறேன். தாலி கட்டியவர் என்றால் ஆண்பிள்ளை என்றே நாங்கள் எல்லாரும் எடுத்துக்கொண்டோம். முழுசாக இருந்த வழக்கம் எங்கள் காலத்தில் இரண்டு முடிச்சாகச் சுருங்கியதை ஒருத்தரும் நினைத்துப் பார்க்கவில்லை. கடிதம் கிடைத்ததும் அத்தையின் அப்பா தன் அதிகாரியிடம் போய், தகப்பன் பெயரை வெட்டி மனைவி பெயரைப் போடச் சொல்லியிருக்கிறார். கோப்பில் இருந்தது அதுதான்.

அத்தை கத்தியைக் கையில் பிடித்தபடியே எழுந்துவந்து போனின் முன்னால் நின்றார்.

"அம்மா அன்னைக்கு அழுதாங்களாமா?"

"அழல மதினி. 'கத்தி குத்திரப்போவுது, தள்ளி வைங்க'ன்னு கெழவிங்க சத்தம் போட்டாங்களாம். ஒங்கம்மா அத எடுத்து மடியில வச்சிக்கிட்டாங்களாம்."

அத்தை உட்கார்ந்துவிட்டார். நான் அவர் அழுவார் என்று நினைத்தேன். அவருக்கு வந்தது கோபம்.

"அந்தப் பொம்பளைக்குத் தெரியும். எங்க பெரியம்மாளுக்குத் தெரியும். அவ கழுத்துலயும் நாத்தனாதானே கட்டியிருப்பா? படுத்த படுக்கையா கெடந்தப்ப நாந்தானே கஞ்சி ஊத்துனேன், பீ மூத்திரம் அள்ளுனேன். சாகுறப்பவாச்சும் ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல. 'அடியே, ஒங்க அத்தைதான்டி கட்டுனா'ன்னு ஒரே ஒரு வார்த்த."

அந்தப் பெரியம்மா பொய் சொல்லியிருந்தால் என்றைக்காவது உடைந்திருக்கும். அவர் உண்மையைத்தான் சொன்னார், பாதியோடு நிறுத்திக்கொண்டார். செத்துப்போனவரை வைவது பாவம் என்பார்கள். அன்று முழுக்க நான் மனசார வைதேன்.

அத்தையும் சின்னம்மாவும் அதன்பிறகு என்னை மறந்துவிட்டார்கள். போன் சூடேறும்வரை பேசினார்கள். போஞ்சிக்காய் அப்படியே கிடக்க, நான்தான் நறுக்கி முடித்தேன்.

மத்தியானம் அத்தை டின்னைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். சிவப்புத் துணியைத் தானே அவிழ்த்தார்.

"ஆசாரிகிட்டக் குடு. ஆனா உருக்க வேணாம்னு சொல்லு. அப்பிடியே புதுக்கயித்துல கோத்துக் குடுக்கச் சொல்லு."

நான் சரி என்றேன். அந்த நேரம் பார்த்துக் கொழும்பிலிருந்து மகள் கூப்பிட்டாள். குரல் கம்மியிருந்தது. மாப்பிள்ளைக்குத் தை மாசமும் லீவு இல்லையாம், கம்பனி மறுபடி தள்ளிப்போட்டுவிட்டதாம், கல்யாணத்தை இன்னும் பின்னுக்குப் போட வேண்டுமாம். அத்தை என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார்.

"லீவு கெடைக்கலைன்னா கெடக்கட்டும் விடு. அவனுக்குத் தங்கச்சி இருக்குதானே? அவள வரச் சொல்லு."